சொருகினா மட்டும் போதாது: பென்டிரைவ் பூட் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய லேப்டாப்ப தூசி தட்டி எடுக்கறத பத்தி எழுதினப்ப, "பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணி வேற ஓஎஸ் போட்டுக்கோங்க"ன்னு ஒரே வரில முடிச்சிட்டு போயிட்டேன் (ஓஎஸ்னா விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டர ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர், பூட்னா ஆன் பண்ணதும் அந்த ஓஎஸ் ஏறி ஓட ஆரம்பிக்கறது). தப்பு என் மேல தான். அந்த ஒரு வரிய நம்பி உக்காந்தவங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமையே போயிடுச்சுன்னு வந்த கேள்விங்கள படிச்சப்ப தான் தெரிஞ்சுது. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதே தான்.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர்): ஐஎஸ்ஓ ஃபைல டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டேன். கம்ப்யூட்டர ஆன் பண்ணா பழைய விண்டோஸே வருது. வேற பென்டிரைவ்லயும் பாத்தாச்சு. எங்க தப்பு?

பதில்: காப்பி பண்ணது தான் சார் தப்பு. வீட்டு ப்ளான சுருட்டி அலமாரில வச்சிட்டு வீடு எங்கன்னு தேடற மாதிரி ஆயிடுச்சு. ஐஎஸ்ஓங்கறது ஒரு முழு டிஸ்க்கோட அச்சு, அதுல என்ன இருக்குன்னு பிரிச்சு பாக்க ஓஎஸ் வேணும், ஆனா நீங்க ஆன் பண்ற அந்த நொடில ஓஎஸ்ஸே கிடையாது. அப்போ முழிச்சிருக்கறது மதர்போர்டு சிப்புக்குள்ள இருக்கற ஒரு குட்டி புரோகிராம் மட்டும் தான். அதுக்கு தெரிஞ்சது ரொம்ப கம்மி, இந்த எடத்துல இது இருக்கான்னு பாக்கும், இருந்தா ஓட்டும், இல்லன்னா அடுத்த டிஸ்க்குக்கு போயிடும்.

அது எங்க பாக்குதுங்கறத தெரிஞ்சிக்கிட்டா இந்த பக்கத்துல வர்ற பாதி கேள்விக்கு பதில் நீங்களே சொல்லிடுவீங்க. பழைய வகை பயாஸ், 1981ல ஐபிஎம் பிசி வந்த காலத்து ஆசாமி. அது டிரைவோட முதல் 512 பைட்ட எடுத்து பாக்கும், அதோட கடைசி ரெண்டு பைட்ல 55, ஏஏன்னு அடையாளம் இருந்தா மேல இருக்கற கோட ஓட்டும். ஃபைல், ஃபோல்டர் எதுவும் அதுக்கு தெரியாது. புது வகை யூஇஎஃப்ஐ கொஞ்சம் படிச்சது, ஃபேட்32ங்கற முறைல ஃபைல் அடுக்கின பார்ட்டிஷன, அதாவது டிஸ்க்க பிரிச்ச ஒரு பகுதிய, திறந்து படிக்க தெரியும். பென்டிரைவ்ல இஎஃப்ஐன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள பூட்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள பூட்எக்ஸ்64.இஎஃப்ஐன்னு ஒரு ஃபைல், சரியா இந்த பாதைல இருந்தா எடுத்து ஓட்டும். உங்க பென்டிரைவ்ல ரெண்டு பேர் தேடினதும் இல்ல, இருந்தது ஒரே ஒரு பெரிய ஐஎஸ்ஓ ஃபைல், அதான் ரெண்டு பேரும் கண்டுக்காம போயிட்டாங்க.

செய்ய வேண்டியது, ரூஃபஸ் மாதிரி ஒரு டூல்ல ஐஎஸ்ஓவ காட்டி பென்டிரைவ காட்டி ஸ்டார்ட் குடுங்க. பலேனா எட்சர்னு இன்னொன்னு இருக்கு, லினக்ஸுக்கு நல்லா வேலை செய்யும், ஆனா விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு அது சரிப்படாது. விண்டோஸ் போடறவங்களுக்கு மைக்ரோசாஃப்ட்டே மீடியா கிரியேஷன் டூல்னு ஒன்னு தருது. எதுல பண்ணாலும் பென்டிரைவ்ல இருக்கற பழைய ஃபோட்டோ, பாட்டு எல்லாம் அழிஞ்சு போயிடும், முன்னாடியே வேற எடத்துல எடுத்து வச்சிடுங்க. 8 ஜிபி இருந்தா பெரும்பாலும் போதும்.

கேள்வி: ரூஃபஸ்ல எல்லாம் பண்ணிட்டேன். ஆனா பூட் மெனு வரவே மாட்டேங்குது. எஃப்12, எஃப்2, டெலீட், எஸ்கேப் எல்லாத்தையும் பியானோ மாதிரி அடிச்சு பாத்துட்டேன், கண்ண மூடி திறக்கறதுக்குள்ள லாகின் ஸ்கிரீன் வந்துடுது.

பதில்: பியானோ வாசிச்சதுல தப்பில்ல, நாங்களும் அப்படித்தான். பூட் மெனுங்கறது எந்த டிரைவ்ல இருந்து பூட் ஆகணும்னு கேக்கற பட்டியல், அதுக்கான கீ ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும். டெல், லெனோவோல பெரும்பாலும் எஃப்12. ஹெச்பில எஸ்கேப் தட்டிட்டு எஃப்9. ஆசுஸ் லேப்டாப்ல எஸ்கேப், எம்எஸ்ஐல எஃப்11. ஏசர்ல எஃப்12 தான், ஆனா பல மாடல்ல அத பயாஸ் செட்டிங்ஸ்க்குள்ள போய் மொதல்ல ஆன் பண்ணி வச்சா தான் வேலை செய்யும், இது தெரியாம கீபோர்டு போச்சுன்னு முடிவு பண்ணவங்கள எனக்கு தெரியும்.

உங்க பிரச்சனை கீ இல்லன்னு நெனக்கறேன். விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒன்னு இருக்கு, நீங்க ஷட்டவுன் குடுத்தாலும் அது முழுசா ஷட்டவுன் ஆகறதில்ல, உள்ள ஓடிட்டிருந்த கெர்னல, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதிய, அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சிட்டு தூங்குது. அடுத்த தடவை ஆன் பண்றப்ப தூக்கத்துல இருந்து எழுந்துக்குது. அதான் அவ்ளோ வேகம். ஆச்சரியமா ஷட்டவுன விட ரீஸ்டார்ட் தான் முழுசா நிறுத்தி ஆரம்பிக்கும்.

அதனால கீயோட மல்லுக்கட்டாம, விண்டோஸ் உள்ள இருந்தே போங்க. ஸ்டார்ட் மெனுல ஷிஃப்ட்ட அமுக்கி புடிச்சிக்கிட்டே ரீஸ்டார்ட்ட கிளிக் பண்ணுங்க, நீல கலர்ல ஒரு ஸ்கிரீன் வரும், அதுல யூஸ் எ டிவைஸ்னு இருந்தா உங்க பென்டிரைவ் பேர் அதுக்குள்ள இருக்கும். இல்லன்னா டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்னு போனா நேரா செட்டிங்ஸ்லயே கொண்டு போய் விட்டுடும். இன்னொன்னு, ப்ளூடூத் கீபோர்டு வச்சிருக்கீங்கன்னா அத தூக்கி ஓரமா வச்சிட்டு ஒயர் உள்ளத சொருகுங்க, ஓஎஸ் ஏறாத நேரத்துல ப்ளூடூத்த பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டாங்க.

கேள்வி (கல்லூரி மாணவி): அண்ணா, பென்டிரைவ்ல பூட் ஆகி விண்டோஸ் இன்ஸ்டாலர் வரைக்கும் வந்துட்டேன். டிஸ்க்க செலக்ட் பண்ணா "இந்த டிஸ்க் ஜிபிடி ஸ்டைல், இதுல இன்ஸ்டால் பண்ண முடியாது"ன்னு வருது. எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணிடுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. பண்ணிடவா?

பதில்: கை வைக்காதம்மா! டிஸ்க்ல ஒரு குறையும் இல்ல, நீ உள்ள வந்த வாசல் தான் தப்பு. ஜிபிடிங்கறது டிஸ்க்ல பார்ட்டிஷன் பட்டியல எழுதி வைக்கற புது முறை.

பூட் மெனுல உன் பென்டிரைவ் பேர் ரெண்டு தடவை வந்திருக்குமே, ஒன்னு சும்மா பேர் மட்டும், இன்னொன்னு முன்னாடி யூஇஎஃப்ஐன்னு போட்டு. பல பேர் மொதல்ல இருக்கறத தட்டிடுவாங்க. சும்மா இருக்கறத தட்டினா பழைய பயாஸ் வழில உள்ள போவ, அந்த வழில வந்த விண்டோஸ் எம்பிஆர்னு சொல்ற பழைய முறை டிஸ்க்ல தான் உக்காரும். யூஇஎஃப்ஐ போட்டத தட்டினா ஜிபிடி டிஸ்க்க கேக்கும். உன் லேப்டாப் வாங்கறப்பவே ஜிபிடில தான் வந்திருக்கு, நீ பழைய வாசல்ல வந்ததால சண்டை. ரீஸ்டார்ட் பண்ணி யூஇஎஃப்ஐ உள்ளத தட்டு, அதே டிஸ்க் மறுபேச்சு பேசாம ஒத்துக்கும்.

யூஇஎஃப்ஐன்னு ஒன்னு மெனுல வரவே இல்லன்னா ரூஃபஸ்ல பார்ட்டிஷன் ஸ்கீம்னு இருக்கற எடத்துல எம்பிஆர் வச்சு எழுதியிருப்ப, ஜிபிடி மாத்தி திரும்ப எழுது. இதே ஆளு தலைகீழாவும் வருவாரு, "எம்பிஆர் டிஸ்க், முடியாது"ன்னு. அப்போ நீ புது வாசல்ல வந்திருக்க, டிஸ்க் பழசு. அதுல டேட்டா இருந்தா விண்டோஸ் 10லயே எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூல் இருக்கு, அழிக்காமலே மாத்தும், ஆனாலும் பேக்கப் எடுக்காம அத நான் தொட மாட்டேன்.

எதுக்கு ரெண்டு முறைன்னு கேட்டா, எம்பிஆர் செக்டார் (டிஸ்க்க கூறு போட்ட ஒரு துண்டு) நம்பர எழுத 32 பிட் தான் ஒதுக்கிச்சு, ஒரு செக்டார் 512 பைட், பெருக்கி பாத்தா 2 டிபி. அதுக்கு மேல இருக்கற டிஸ்க்க முழுசா பாக்க அதுக்கு கண்ணு கிடையாது.

கேள்வி: இன்டர்நெட்ல ஒருத்தர் "டூல் எதுவும் வேணாம், ஐஎஸ்ஓவ திறந்து உள்ள இருக்கறத மட்டும் பென்டிரைவ்ல காப்பி பண்ணா போதும்"னு சொல்றாரு. நீங்க காப்பி பண்ணா நடக்காதுன்னு சொல்வீங்க. யாரு சொல்றது சரி?

பதில்: ரெண்டு பேரும் சரி. ஐஎஸ்ஓவ அப்படியே போட்டா நடக்காது. ஆனா பிரிச்சு உள்ள இருக்கறதெல்லாம் ஃபேட்32 பென்டிரைவ்ல போட்டா, மேல சொன்ன பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ சரியான பாதைல வந்து உக்காந்துடும், யூஇஎஃப்ஐக்கு அது போதும், விண்டோஸ் இன்ஸ்டாலர் அப்படியே பூட் ஆகும். பழைய பயாஸுக்கு மட்டும் இது பலிக்காது.

அந்த நண்பர் சொல்லாம விட்டது ஒன்னு இருக்கு. ஃபேட்32ல ஒரு ஃபைல் 4 ஜிபிய தாண்ட கூடாது. இப்ப வர்ற விண்டோஸ் ஐஎஸ்ஓக்குள்ள சோர்சஸ்னு ஒரு ஃபோல்டர்ல இன்ஸ்டால்.விம்னு ஒரு ஃபைல் இருக்கும், அது பெரும்பாலும் 4 ஜிபிக்கு மேல. காப்பி பண்றப்ப அது மட்டும் ஏறாது. சரி பெரிய ஃபைல ஏத்துக்கற என்டிஎஃப்எஸ்ங்கற விண்டோஸ் முறைல ஃபார்மேட் பண்ணிக்கலாம்னா, பல கம்ப்யூட்டரோட யூஇஎஃப்ஐக்கு என்டிஎஃப்எஸ் படிக்க தெரியாது. ரூஃபஸ் இதுக்கு ஒரு தந்திரம் பண்ணுது, பெரிய என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன போட்டுட்டு கடைசில ஒரு துக்கடா ஃபேட் பார்ட்டிஷன வச்சு, அதுல என்டிஎஃப்எஸ்ஸ படிக்க கத்துக்குடுக்கற ஒரு டிரைவர போட்டுடுது. அந்த துக்கடா பார்ட்டிஷன பாத்து வைரஸோன்னு பயந்து அழிச்சிட்டு, அப்புறம் பூட் ஆகலன்னு எனக்கு எழுதினவங்க உண்டு.

கேள்வி: விண்டோஸ் ஓப்பன் ஆகவே இல்ல. பத்து வருஷ ஃபோட்டோ உள்ள இருக்கு. சர்வீஸ்ல குடுத்தா ஃபார்மேட் பண்ணா தான் ஆகும்ங்கறாங்க. பென்டிரைவ்ல ஏதாவது பண்ண முடியுமா? ரொம்ப பயமா இருக்கு.

பதில்: பதறாதீங்க. விண்டோஸ் ஓப்பன் ஆகலங்கறதும் ஃபோட்டோ போயிடுச்சுங்கறதும் வேற வேற. வீட்டு பூட்டு கெட்டு போனா உள்ள இருக்கற சாமான் எங்கயும் போறதில்லயே.

வேற ஒரு கம்ப்யூட்டர்ல உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல எழுதி, உங்க லேப்டாப்ல பூட் பண்ணுங்க. இன்ஸ்டால் பண்ணவான்னு கேட்டா வேணாம்னு சொல்லி, ட்ரை பண்ணி பாக்கறேன்ங்கறத எடுங்க. இதுக்கு லைவ்னு பேரு, டிஸ்க்ல ஒன்னும் எழுதாம முழு ஓஎஸ்ஸும் பென்டிரைவ்ல இருந்தும் ராம்ல இருந்துமே ஓடும். இது புதுசா வந்த வித்தை இல்ல, 2000லயே க்ளவுஸ் க்னாப்பர்ங்கறவர் ஒத்தை சிடில நாப்பிக்ஸ்னு முழு லினக்ஸ ஓட்டி காட்டினாரு, அப்ப பல பேர் அத தூக்கிட்டு சுத்தினதே இந்த மாதிரி செத்த கம்ப்யூட்டர்ல இருந்து ஃபைல் எடுக்கத்தான்.

டெஸ்க்டாப் வந்ததும் ஃபைல் மேனேஜர்ல உங்க விண்டோஸ் டிஸ்க் தெரியும், யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள உங்க பேர்ல ஃபோட்டோ எல்லாம் இருக்கும். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்ன சொருகி இழுத்து போட்டுக்க வேண்டியது தான். படிக்க மட்டும் தான் முடியும், எழுத முடியாதுன்னு சொன்னா கவலைப்படாதீங்க, மேல சொன்ன ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் பாதி தூக்கத்துல விட்டதால வர்றது, நமக்கு படிச்சா போதும். வற்புறுத்தி எழுத வைக்கற கமாண்ட் எல்லாம் யாராவது சொன்னா கேக்காதீங்க.

ரெண்டு எடத்துல மட்டும் நின்னு யோசிக்கணும். டிஸ்க் திறக்காம பாஸ்வேர்டு கேட்டா அது பிட்லாக்கர், டிஸ்க்ல இருக்கறத வேற யாரும் படிக்க முடியாம விண்டோஸ் போடற பூட்டு. 48 இலக்க ரெகவரி கீ வேணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி வச்சிருந்தீங்கன்னா வேற ஃபோன்ல இருந்து அந்த அக்கவுன்ட்டுக்குள்ள போய் தேடுங்க, பல பேருக்கு அங்க இருக்கும். அந்த கீ எங்கயுமே இல்லன்னா எந்த பென்டிரைவும் காப்பாத்தாது, இத சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு. ரெண்டாவது, பழைய சுத்தற ஹார்டு டிஸ்க்குல இருந்து டிக் டிக்னு சத்தம் வந்தா உடனே ஆஃப் பண்ணிடுங்க. அது உள்ளயே பழுது, நீங்க ஆன் பண்ணி வச்சிருக்கற ஒவ்வொரு நிமிஷமும் இன்னும் கெடும், டேட்டா ரெகவரி தெரிஞ்சவங்க கைல தான் குடுக்கணும்.

ஃபோட்டோ எல்லாம் வெளில வந்துடுச்சுன்னு நாலு ஃபைல திறந்து பாத்த அப்புறம் சர்வீஸ்காரங்க ஃபார்மேட் பண்ணட்டும்.

கேள்வி: செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணா தான் பென்டிரைவ் வேலை செய்யும்னு யூடியூப்ல எல்லாரும் சொல்றாங்க. பண்ணலாமா?

பதில்: எல்லாரும் சொல்றாங்க, எதுக்குன்னு பாதி பேர் சொல்றதில்ல. செக்யூர் பூட், 2012ல விண்டோஸ் 8 கூட பரவலா வந்தது. பூட் ஆக வர்ற ஃபைல்ல நம்பகமான கையெழுத்து இருக்கான்னு யூஇஎஃப்ஐ பாக்கும், இல்லன்னா வெளிய நில்லுன்னு சொல்லிடும். விண்டோஸ் பென்டிரைவ்ல கையெழுத்து இருக்கு. உபுண்டு, ஃபெடோரா மாதிரி பெரிய லினக்ஸ்லயும் மைக்ரோசாஃப்ட் கையெழுத்து போட்ட ஷிம்னு ஒரு சின்ன ஃபைல் முன்னாடி நிக்குது. அதனால இவங்களுக்கெல்லாம் பொதுவா ஆஃப் பண்ண அவசியமே இல்ல. சின்ன டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை), சில ரிப்பேர் டூலுக்கு தான் ஆஃப் பண்ண வேண்டி வரும்.

ஆஃப் பண்றதுக்கு முன்னாடி பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு கண்டிப்பா பாத்துடுங்க. செக்யூர் பூட்ட மாத்தினா அதுக்கு சந்தேகம் வந்து அடுத்த தடவை விண்டோஸ் திறக்க அந்த 48 இலக்கத்த கேக்கலாம். கீய எழுதி வச்சிக்கிட்டு, பிட்லாக்கர தற்காலிகமா சஸ்பெண்ட் பண்ணிட்டு மாத்துங்க, வேலை முடிஞ்சதும் திரும்ப ஆன் பண்ணிடுங்க.

கேள்வி: இன்ஸ்டால் முடிஞ்சு ரீஸ்டார்ட் ஆச்சு, மறுபடி மொதல்ல இருந்து லாங்குவேஜ் கேக்குது. மூணு தடவை இன்ஸ்டால் பண்ணிட்டேன்!

பதில்: முதல் ரீஸ்டார்ட்லயே பென்டிரைவ உருவிடுங்க. இன்ஸ்டாலர் பாவம் மூணு தடவையும் சரியா தான் பண்ணியிருக்கு.

கேள்வி: 32 ஜிபி பென்டிரைவ்ல லினக்ஸ் எழுதினேன். வேலை முடிஞ்சு விண்டோஸ்ல சொருகினா 4 எம்பின்னு காட்டுது. பென்டிரைவ் செத்துடுச்சா?

பதில்: நல்லா உயிரோட இருக்கு. லினக்ஸ் ஐஎஸ்ஓவ அப்படியே பிட்டுக்கு பிட் எழுதினா அதுல பல பார்ட்டிஷன் இருக்கும், அதுல விண்டோஸுக்கு புரியறது அந்த குட்டி இஎஃப்ஐ பார்ட்டிஷன் மட்டும் தான், அத காட்டுது. மீதி எடம் அங்கயே தான் இருக்கு.

ஈஸியான வழி, ரூஃபஸ திறந்து பூட் செலக்ஷன்ல நான் பூட்டபிள்னு வச்சு ஸ்டார்ட் குடுங்க, பழையபடி 32 ஜிபி வந்துடும். டிஸ்க்பார்ட்னு கமாண்ட் வழியும் உண்டு, லிஸ்ட் டிஸ்க் அடிச்சு, செலக்ட் டிஸ்க் போட்டு நம்பர் குடுத்து, கிளீன்னு அடிக்கணும். அது "நிச்சயமா?"ன்னு ஒரு வார்த்தை கேக்காது. ஒரு ராத்திரி தூக்க கலக்கத்துல நான் 2க்கு பதிலா 1 அடிச்சு, பக்கத்துல சொருகியிருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்க கிளீன் பண்ணிட்டேன். அடுத்த நொடியே கை உதறிடுச்சு. நல்லவேளை அந்த கமாண்ட் உள்ள இருக்கற ஃபைல தொடறதில்ல, பார்ட்டிஷன் பட்டியல தான் அழிக்கும், மேல எதுவும் எழுதாம டெஸ்ட்டிஸ்க்னு ஒரு டூல வச்சு பார்ட்டிஷன திரும்ப எடுத்துட்டேன். அன்னிக்கில இருந்து டிஸ்க்பார்ட் திறக்கறதுக்கு முன்னாடி தேவையில்லாத டிஸ்க் எல்லாத்தையும் கழட்டி வச்சிடறேன், சைஸ ரெண்டு தடவை வாய் விட்டு படிக்கறேன், வீட்ல சிரிக்கறாங்க, சிரிக்கட்டும்.

கேள்வி: பூட் ஆகுது, இன்ஸ்டாலரும் வருது, ஆனா எஸ்எஸ்டியே லிஸ்ட்ல இல்ல. டிரைவர் எதுவோ கேக்குது. புது லேப்டாப் இது.

பதில்: இன்டெல் 11வது தலைமுறையோ அதுக்கு அப்புறமோ இருக்கணும்னு நெனக்கறேன். அதுல விஎம்டின்னு எஸ்எஸ்டிய மேய்க்கற இன்டெல் அமைப்பு ஒன்னு எஸ்எஸ்டிக்கு முன்னாடி நிக்கும், அதுக்கான டிரைவர் இன்ஸ்டாலர்ல இல்லன்னா எஸ்எஸ்டி மறைஞ்சிடும். லேப்டாப் கம்பெனியோட சப்போர்ட் பக்கத்துல அதுக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர எடுத்து, எக்ஸ்இ ஃபைலாவே போடாம பிரிச்சு, ஐஎன்எஃப் ஃபைல் வெளில தெரியற மாதிரி அதே பென்டிரைவ்ல ஒரு ஃபோல்டர்ல போட்டுட்டு, லோட் டிரைவர் குடுத்து அந்த ஃபோல்டர காட்டுங்க. யூஇஎஃப்ஐ செட்டிங்ஸ்ல விஎம்டிய ஆஃப் பண்ணிட்டாலும் தெரியும் தான், ஆனா ஏற்கனவே இருக்கற விண்டோஸ வச்சுக்க போறீங்கன்னா அது அப்புறம் பூட் ஆகாம போயிடலாம், எல்லாத்தையும் அழிச்சு புதுசா போடறவங்களுக்கு மட்டும் தான் அந்த வழி.

கேள்வி: இன்ஸ்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடத்துல நின்னு எரர் வருது. பென்டிரைவா, லேப்டாப்பா, யார அடிக்கறது?

பதில்: யாரையும் அடிக்கறதுக்கு முன்னாடி டவுன்லோட் முழுசா வந்துச்சான்னு பாருங்க. ஐஎஸ்ஓ குடுக்கற எடத்துலயே ஷா256னு ஒரு நீள எழுத்துக்கோவை குடுத்திருப்பாங்க, உங்க ஃபைலுக்கு விண்டோஸ்ல இருக்கற செர்ட்யூட்டில் கமாண்ட்ல கணக்கு போட்டு ஒப்பிடுங்க, ஒரு எழுத்து மாறினாலும் ஃபைல் கெட்டது. அது சரின்னா பென்டிரைவ சந்தேகப்படலாம், 64 ஜிபின்னு மேல அச்சடிச்சிட்டு உள்ள 8 ஜிபி வச்ச போலி பென்டிரைவ் நெறைய சுத்துது, ஹெச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு டூல் முழுசா எழுதி படிச்சு உண்மைய சொல்லிடும். ஆனா நீங்க சொல்ற மாதிரி எடம் மாறி மாறி நின்னா எனக்கு ராம் மேல தான் சந்தேகம். ராம சோதிக்கற மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸ இன்னொரு பென்டிரைவ்ல எழுதி பூட் பண்ணி ராத்திரி முழுக்க விட்டுடுங்க, காலைல ஒரு சிவப்பு வரி இருந்தாலும் ராம் ஸ்டிக்க மாத்திடணும்.

கேள்வி: என் ஓஎஸ்ஸ பாக்கெட்லயே வச்சிக்கிட்டு எங்க போனாலும் எந்த கம்ப்யூட்டர்லயும் சொருகி வேலை பாக்கணும்னு ஆசை. நடக்குமா?

பதில்: நடக்கும், ஆனா ஆசைப்பட்ட அளவுக்கு சுகமா இருக்காது. லைவ் பென்டிரைவ்ல உள்ள இருக்கறது சுருக்கி அடைச்ச, எழுத முடியாத ஒரு மூட்டை. நீங்க பண்ற மாத்தம் எல்லாம் ராம்ல ஒரு மேல் ஜமக்காளம் மாதிரி விரிச்சு வைக்கும், ஆஃப் பண்ணா ஜமக்காளத்த உதறிடும். அத டிரைவ்லயே சேத்து வைக்க பெர்சிஸ்டன்ஸ்னு ஒரு வசதி, ரூஃபஸ்ல உபுண்டு எழுதறப்ப எவ்ளோ எடம்னு ஒரு ஸ்லைடர் இழுத்தா போதும். சின்ன சின்னதா எழுதி எழுதி படிக்கறதுல சாதா பென்டிரைவ் ரொம்ப மந்தம், ப்ரௌசர் திறக்கறதுக்குள்ள பொறுமை போயிடும், அதுவும் தேய்ஞ்சிடும். உண்மையாவே தினமும் வேலை பாக்கணும்னா யூஎஸ்பில சொருகற எஸ்எஸ்டில லினக்ஸ முழுசா இன்ஸ்டால் பண்ணுங்க. அப்படி பண்றப்ப சில இன்ஸ்டாலர் பூட்லோடர, அதாவது ஓஎஸ்ஸ ஏத்தி விடற குட்டி புரோகிராம, லேப்டாப்போட உள் டிஸ்க்ல கொண்டு போய் வச்சிடும், அப்புறம் எஸ்எஸ்டி இல்லாம லேப்டாப்பும் பூட் ஆகாம திணறும், லேப்டாப் இல்லாம எஸ்எஸ்டியும் திணறும். முடிஞ்சா உள் டிஸ்க்க கழட்டிட்டு இன்ஸ்டால் பண்ணிடுங்க.

விண்டோஸ்ல இதுக்குன்னே விண்டோஸ் டு கோன்னு இருந்தது, 2020ல வந்த விண்டோஸ் 10 2004 வெர்ஷனோட மைக்ரோசாஃப்ட் அத நிறுத்திடுச்சு. ஆப்பிள் சிலிக்கான் மேக்ல இந்த ஆசை வேணாம், அது ஆர்ம்ங்கற வேற வகை சிப், சாதா பிசிக்கு எழுதின பென்டிரைவ அது தொடாது.

ஒரு ஓஎஸ் போதாது, பத்து ஐஎஸ்ஓ ஒரே பென்டிரைவ்ல வேணும்னு கேட்ட இன்னொரு வாசகருக்கும் இங்கயே சொல்லிடறேன், வென்டாய்னு ஒன்னு 2020ல வந்தது. ஒரு தடவை அத பென்டிரைவ்ல போட்டுட்டா அப்புறம் ஐஎஸ்ஓவ சும்மா காப்பி பண்ணி போட்டுக்கிட்டே இருக்கலாம், பூட் பண்ணா பட்டியல் போட்டு எது வேணும்னு கேக்கும். ஆமா, முதல் கேள்வில வேணாம்னு சொன்ன அதே காப்பி தான், இங்க மட்டும் செல்லும், ஏன்னா ஐஎஸ்ஓவ பிரிச்சு படிக்க தெரிஞ்ச ஆள் ஏற்கனவே முன்னாடி உக்காந்திருக்காரு.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவன்): அங்கிள், பூட்னா ஷூ தானே? கம்ப்யூட்டருக்கு எதுக்கு ஷூ?

பதில்: இந்த மாச கேள்விலயே எனக்கு ரொம்ப புடிச்சது இது தான் தம்பி. ஷூவே தான். கணுக்கால் வரைக்கும் வர்ற பெரிய ஷூவுக்கு பின்னாடி, காலுல மாட்றப்ப இழுத்துக்க ஒரு வார் இருக்கும், அதுக்கு பூட்ஸ்ட்ராப்னு பேரு. ஒருத்தன் தன் ஷூ வார தானே புடிச்சு தூக்கி தன்னையே மேல தூக்கிக்கறான்னு இங்கிலீஷ்ல நடக்கவே நடக்காத விஷயத்துக்கு ஒரு சொல்வழக்கு உண்டு. கம்ப்யூட்டருக்கும் அதே சிக்கல் தான். எந்த புரோகிராமும் ஓடணும்னா அத மெமரில ஏத்த ஒரு புரோகிராம் வேணும், அந்த புரோகிராம ஏத்த யாரு வருவா? அதுக்கு தான் கரண்ட் போனாலும் அழியாத ஒரு சிப்புல ஒரு குட்டி புரோகிராம ஏற்கனவே வச்சிருக்காங்க, அது தன்ன விட கொஞ்சம் பெருச தூக்கும், அது இன்னும் பெருச தூக்கும், கடைசில விண்டோஸோ லினக்ஸோ வந்து நிக்கும். பூட்ஸ்ட்ராப்னு சொல்லி சொல்லி வாய் வலிச்சு பூட்னு ஆக்கிட்டாங்க.

அந்த சிப்புல அத யாரு வச்சான்னு தானே அடுத்து கேக்க போற? மதர்போர்டு செய்யற எடத்துலயே, இன்னொரு கம்ப்யூட்டர வச்சு எழுதி அனுப்பிடுவாங்க. அந்த கம்ப்யூட்டர யாரு பூட் பண்ணான்னு கேட்டின்னா அடுத்த இதழ் முழுக்க உனக்கே எழுத வேண்டியிருக்கும்.